என் மகள் பூசிவிடுகிறாள்

ஜெலுத்தோங், பினாங்கு
அக்டோபர் 27

அன்பு மகள் மோனிக்காவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளை பேட்ரிக்கும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைச் செபத்தில் உங்கள் பேரைச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம், நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதற்குள் உன் டப்ளின் பஸ் வந்துவிடும்.

எட்டு மாதமாக எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. முதலில் கணுக்காலில் நாலு சிவப்புப் புள்ளி, கொசுக்கடி என்று விட்டுவிட்டேன், பிறகு தொடை, வயிறு, கடைசியில் முதுகு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக ஏறிவிட்டது. பக்கத்து கிளினிக்கில் சாப்பாட்டு ஒவ்வாமை என்றார்கள். இறால், முட்டை, கருவாடு எல்லாம் நிறுத்தி இரண்டு மாதம் வெறும் சோறும் முட்டைக்கோசும் தின்றேன், அரிப்பு குறையவில்லை, நான்தான் ஐந்து கிலோ குறைந்தேன். இன்னொரு கிளினிக்கில் படை என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள், அதற்கும் கேட்கவில்லை. சோப்பை மாற்றினேன், போர்வையைத் தூக்கிப் போட்டேன். கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்திலிருந்த அம்மா என் கையைப் பார்த்துவிட்டுக் கை கொடுக்காமல் தள்ளி நின்று கும்பிட்டார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன், பார்த்தால் எனக்கே அப்படித்தான் இருக்கிறது. அதிலிருந்து கடைசி பெஞ்சில் தூண் ஓரமாக உட்காருகிறேன்.

மே மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே டாக்டர் நஜ்வா என்று ஒரு மலாய்ப் பெண், உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள், நல்ல பொறுமை. கூட லோகேஸ்வரி என்று நம் தமிழ் நர்ஸ். முதுகைப் பார்த்துவிட்டு அந்த நர்ஸ், "இங்கல்லாம் கை எட்டாதே அங்கிள், வீட்டுல யார் பூசி விடுறா?" என்று கேட்டது. நான் கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி மருந்தைத் தடவிக்கொண்டிருந்தேன் மோனிக்கா. அதை அங்கே சொல்ல வெட்கமாக இருந்தது. என் மகள் பூசிவிடுகிறாள் என்று சொல்லிவிட்டேன். வாயில் அப்படி வந்துவிட்டது.

அந்த ஒரு பொய்யை டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டாள். மகளுக்கு அரிப்பு உண்டா என்று கேட்டாள், இல்லை என்றேன். தினமும் கையால் தொட்டுப் பூசுகிறவளுக்கு ஒன்றுமில்லை என்றால் இது ஒட்டிக்கொள்ளும் சொறியாக இருக்காது என்று அதை ஒதுக்கிவிட்டு வேறு பக்கம் தேட ஆரம்பித்தாள். இரத்தம் எடுத்தார்கள், முதுகில் துளி சதை வெட்டித் தையல் போட்டு, அதைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள், எதிலும் தெளிவாக ஒன்றும் வரவில்லை. ஆகஸ்டில், அடுத்த தவணைக்கு மகளையும் கூட்டி வாருங்கள், அவர் கையையும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்றாள். நான் அந்தத் தவணைக்குப் போகவே இல்லை. சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லோகேஸ்வரிதான் போன் பண்ணி, "ஏன் அங்கிள் வரல, மகளுக்கு லீவு கிடைக்கலையா?" என்று கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மறுநாள் போய் என் மகள் அயர்லாந்தில் இருக்கிறாள், வீட்டில் நான் மட்டும்தான் என்று சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. ஃபைலில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, சரி, முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்றாள். சொறிக்கு உள்ள மருந்தைக் கொடுத்து, கழுத்திலிருந்து கால்விரல் வரை ஓர் இடம் விடாமல் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். இந்த முறை இல்லை என்றேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கீழ் மாடி தங்கராஜுவிடம் போனேன், துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர், உனக்குத் தெரியும். ஒட்டிக்கொள்ளலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "இத கேக்க ரெண்டு நாளா? சட்டைய கழட்டுங்கண்ணே" என்று திட்டினார். கையுறை போட்டுக்கொண்டுதான் பூசினார். ஆனாலும் சொல்கிறேன், உன் அம்மா போன இந்த நாலு வருசத்தில் டாக்டர் நர்ஸ் தவிர என் முதுகில் ஒருவர் கை பட்டது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது, மருந்து எரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு முறை பூசியும் அரிப்பு நிற்கவில்லை. அதுவும் இல்லை என்றாகிவிட்டது. போன வாரம் டாக்டரிடம், என் பொய்யால்தான் இவ்வளவு இழுத்ததா என்று கேட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே இடத்தில்தான் நின்றிருப்போம் அங்கிள், என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்றாள். மூன்று டாக்டர்களில் தெரியவில்லை என்று சொன்னது இவள் ஒருத்திதான், அதனால்தான் அவளை நம்புகிறேன். ஈரப்பசைக் களிம்பும் மாத்திரையும் கொடுத்திருக்கிறாள், கொஞ்சம் தணிந்து, பிறகு திரும்பி வருகிறது. தங்கராஜு புதனும் சனியும் வந்து முதுகுக்குப் பூசிவிட்டுப் போகிறார், மற்ற நாளில் கரண்டிக் காம்புதான்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டாள். உன் உடம்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. உனக்கு எங்கேயாவது தடிப்பு, அரிப்பு வந்ததுண்டா? என்னைப்போல் மறைக்காமல் எழுது. போனில் நான் முகத்தை மட்டும் காட்டுவதை நீ கவனித்தாயோ என்னவோ, இனி கையையும் காட்டுகிறேன்.

இதைப் படித்துவிட்டு உடனே டிக்கெட் பார்க்க வேண்டாம் என்று எழுத நினைத்தேன். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், எழுத மனம் வரவில்லை.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அடுத்த தவணை நவம்பர் பதினெட்டு, அதற்குள் பதில் வர வேண்டும்.

என்றும் உன் நினைவில்,
அப்பா
வின்சென்ட்