மூன்று ஊருக்கும் ஒரே உதவி எண்

மார்ச் 4

காலை முழுக்கப் பிறப்புப் பதிவுப் பிரிவின் பிரின்டரோடு மல்லுக்கட்டினேன். மதியம் ஆணையர் கூப்பிட்டார். பக்கத்து நகராட்சிகள் இரண்டும் எங்களோடு சேர்கின்றனவாம். ஒரே கணினிப் பிரிவு, ஒரே உதவி எண், ஒரே பொறுப்பாளர்.

"நீங்கதான் பாத்துக்கப் போறீங்க."

ஆற்றுக்கு அக்கரை நகராட்சியில் இதே கணினி வேலையைப் பார்ப்பவர் என் அக்காவின் கணவர்.

"அப்ப அவருக்கு சார்?"

"இப்போதைக்கு வாயைத் திறக்காதீங்க. முதல்ல அவர்கிட்ட இருக்கறதையெல்லாம் வாங்கிக்கங்க."

மார்ச் 11

அக்கரைக்குப் போனேன். சோதனை முயற்சி என்றேன் அத்தானிடம். ஒருவர் லீவில் போனால் இன்னொருவர் பார்த்துக்கொள்ள. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"தனியா கிடந்து மாரடிக்கிறேன் மச்சான். இனிமேயாவது உங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு நாலு நாள் எங்கயாச்சும் போயிட்டு வருவேன்."

தண்ணீர் வரி மென்பொருள் எங்கே இடறும், எந்த வயரைத் தொட்டால் மாடி முழுக்க இணைப்பு போகும் — ஒன்றையும் ஒளிக்கவில்லை. நான் கேட்காததையும் சொன்னார். பாஸ்வேர்டுகளைக் கொடுத்துவிட்டுத் தோளில் தட்டினார்.

மார்ச் 12

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 19

அக்கா போன் செய்தாள். "டேய், உங்க அத்தான் வீட்ல பாட்டெல்லாம் பாடறாருடா. என்னடா மந்திரம் போட்ட?"

சிரித்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால்? என்னைத் தூக்கிவிட்டு மூன்றாவது ஊர்க்காரனைப் போடுவார்கள். அத்தானுக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. இப்படி நியாயம் பேச எனக்கு எவ்வளவு நன்றாக வருகிறது!

மார்ச் 29

வேலை போவதை அத்தானிடம் அவருடைய மேலாளர் சொல்வதற்கு முன்பே அத்தானின் கணினிக் கணக்கை முடக்கிவிட வேண்டும் என்றார் ஆணையர். கோபத்தில் எதையாவது அழித்துவிட்டால்? அத்தானா அழிப்பார்? ஆனாலும் முடக்கினேன்.

சற்று நேரத்தில் உதவி எண் அடித்தது.

"மச்சான், என் பாஸ்வேர்டை எடுக்க மாட்டேங்குது. இங்க கூட்டம் நிக்குது. கொஞ்சம் பாரேன்."

எதிரே ஆணையர். சொல்லாதே என்று கையை அசைத்தார்.

"சர்வர்ல ஏதோ கோளாறு அத்தான். அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க."

போட்டார். "இல்லையேப்பா."

"இன்னொரு தடவை."

அதையும் செய்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா, என் மச்சான்தான் பாக்கறான், இப்ப சரியாயிடும்" என்று கூட்டத்திடம் சொன்னது கேட்டது.

பிறகு வேறொரு குரல், மேலாளருடையது. "எழுந்திருங்க. இனிமே உங்களுக்கு இங்க வேலை இல்லை. எல்லாம் உங்க மச்சான் பாத்துக்குவார்." அத்தனை பேர் முன்னால். அத்தான் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் வைத்தேன். சீ — என்ன ஜென்மம் நான்?

"நல்லா சமாளிச்சீங்க" என்றார் ஆணையர்.

ஏப்ரல் 2

அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்தேன். மிக்ஸி நின்றது. கதவு திறக்கவில்லை.

ஏப்ரல் 21

அக்கரை அலுவலகத்தில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. இன்று தண்ணீர் வரி மென்பொருள் படுத்துவிட்டது. உடனே சரிசெய்தேன். காசாளர் அம்மா தலை நிமிராமல் கேட்டார்: "அவர் சொல்லிக் குடுத்ததா?"

மே 15

சம்பள உயர்வு வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 6

உதவி எண்ணில் ஒரு பெண் குரல். "வீட்டைக் காலி பண்ணிட்டு வெளியூர் போறோம். தண்ணி இணைப்பை நிறுத்தணும். என்ன பண்ணணுங்க?"

அக்கா. மூன்று ஊருக்கும் இருப்பது இந்த ஒரு எண்தானே, வேறு எங்கே கூப்பிடுவாள்?

"அக்கா, நான்தான்."

"இணைப்பு எண்ணைச் சொல்லட்டுங்களா சார்?"

"எந்த ஊருக்குக்கா? அத்தானுக்கு அங்க வேலை கிடைச்சிருக்கா?"

எண்ணை மட்டும் சொன்னாள், நிதானமாக. பதிவு செய்தேன். அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"நீங்க பண்ண உதவியே போதும் சார்."