சட்டையின் உள்பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். "நலம்னு எழுதிட்டா நான் நம்பிடுவேனா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. நிஜமாகவே நலம்தான்.

குறை சொல்கிறவர்களை ஒதுக்கினால்தான் வாழ்க்கை சமநிலைக்கு வரும் என்று செல்போன் வீடியோவில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, இனிமேல் போன் பண்ணாதே என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அதிலிருந்து வீடு அமைதியாக இருக்கிறது. குழாய் சொட்டுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. தையல்கடையிலும் நல்லதையே பேசும் இருவர் பக்கத்தில் என் மெஷினை நகர்த்திக்கொண்டேன். நான் எதைத் தைத்தாலும் "சூப்பர்" என்பார்கள்.

நேற்று மாலை வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்க்கிறேன், மேல்சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டியிருக்கிறேன். நானே தைத்த சட்டை. தையலும் பிசிறும் ஊருக்கே தெரிகிறது. காலையில் அதோடுதான் பஸ் ஏறினேன், வந்தவர்களுக்கெல்லாம் அளவெடுத்தேன். அந்த இருவரும் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

நீ இருந்திருந்தால், "ஏண்டி, வீட்டுல கண்ணாடியே இல்லையா?" என்று வாசலிலேயே மானத்தை வாங்கியிருப்பாய். நானும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது. எண்ணெய் வாங்கிவிட்டேன், ஆனால் போடவில்லை. உள்ளே நுழைந்ததும் உனக்குத் திட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே.

இப்படிக்கு,
நீ எப்போதும் சொல்லும் அந்த அசடு