கோதுமை கேட்கும் தண்ணீர்

நவம்பர் 9, திங்கள்

வெள்ளை பீன்ஸ் இன்று குறையின்றி வெந்தது. முதல் நாளே ஊறவைத்து, முதல் கொதியின் தண்ணீரை வடித்துவிட்டு, விதை மெத்தென்று ஆன பிறகே தக்காளி சேர்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. புளிப்பு முந்திக்கொண்டால் தோல் இறுகிவிடும். அதன்பின் எத்தனை முறை மேல்முறையீடு செய்தாலும் பயனில்லை.

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் மெல்போ அம்மாள் வாசனை பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றுவிட்டார். திரைச்சீலை தைப்பவர். கணவர் மில்டோஸ் இறந்த பிறகு பக்கத்து ஊரான க்ஸாந்தியிலிருந்த வீட்டை விட்டுவிட்டு இங்கே, கிரேக்கத்தின் வடக்கிலுள்ள கவாலாவுக்கு வந்து, தெருக்கோடியில் கடை வைத்திருக்கிறார்.

"வக்கீல் சார், இந்த வாசனை உங்க வீட்டுலேருந்தா? நீங்க ஹோட்டல் சாப்பாட்டு ஆளுன்னுல்ல நெனச்சேன்."

தக்காளி பற்றிய என் வாதத்தை எடுத்துரைத்தேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "பேசிட்டே இருந்தா ஆறிடும், ஒரு தட்டுல குடுங்க" என்றார். கொடுத்தேன்.

நவம்பர் 11, புதன்

தட்டு திரும்பி வந்தது, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸை மாவுத் தகடுகளுக்கிடையே வைத்துச் சுட்ட பணியாரம் நிறைந்து. எங்கள் ஊரில் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அவமரியாதை. ஆகவே இந்த வழக்கு, சட்டப்படி, ஒருபோதும் முடியாது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடி மாவு ஏன் நசநசக்கவில்லை என்று கேட்டேன். நறுக்கிய லீக்ஸில் உப்புப் பிசறிப் பிழிந்துவிட்டு, அடி மாவுத் தகட்டின் மேல் ஒரு கை ரவை தூவுவாராம். மிச்ச நீரை ரவை குடித்துவிடும். இருபத்தைந்து வருடங்களாகத் தனியே சமைக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் 14, சனி

என் வரவேற்பறையை மெல்போ அம்மாள் இன்று பார்வையிட்டார். நான் கருத்துக் கேட்கவில்லை. அவரும் அனுமதி கேட்கவில்லை.

"இது என்ன, பல் டாக்டர் வீட்டு வெயிட்டிங் ரூமா? எல்லா நாற்காலியும் செவுத்துல முதுக ஒட்டிக்கிட்டு நிக்குது. போலீஸ் வந்து நிக்க வச்ச மாதிரி."

சுவரோரம் இருந்தால் பெருக்குவது எளிது என்றேன்.

"பெருக்குறதுக்கா வீடு? ஒக்காந்து பேசறதுக்கு."

மேலும் சொன்னவை: வெளிச்சம் கூரையிலிருந்து தலைமேல் விழக்கூடாது, மூலையில் ஒரு விளக்கிலிருந்து பக்கவாட்டில் வர வேண்டும். திரைச்சீலை தரையைத் தொட வேண்டும், கணுக்காலுக்கு மேலே நின்றால் வளர்ந்த பையனுக்குப் பழைய கால்சட்டை போட்டது போல இருக்கும். சோபாவின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பற்றி அவர் சொன்னதை இங்கே பதிவு செய்ய மாட்டேன்.

அவர் போன பிறகு ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். துறைமுகம் தெரிகிறது. இந்த வீட்டில் இத்தனை காலம் இருந்தும் உட்கார்ந்தபடி கடலைப் பார்த்ததில்லை.

நவம்பர் 15, ஞாயிறு

நாற்காலியை மீண்டும் சுவரோரம் போடவில்லை.

நவம்பர் 20, வெள்ளி

சமையலறைச் சுவருக்கு வெள்ளை என்றேன், சீமை மாதுளம்பழத்தின், அதாவது க்வின்ஸின், மஞ்சள் என்றார். வெள்ளையில் அழுக்கு உடனே கண்ணில் படும், எனவே சுத்தம் உறுதி. "அழுக்கப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடணுமா?" என்றார். மனம் விட்டுச் சிரித்தோம்.

புறப்படும்போது பையிலிருந்து ஒரு வாடகை ஒப்பந்த வரைவை எடுத்து நீட்டினார். தெசலோனிக்கியில், மகன் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு சிறிய வீடு. மகன் கூப்பிடுகிறானாம். வருட முடிவுக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். "நீங்க ஒரு தடவை படிச்சுப் பாத்து சொல்லுங்க. உங்களவிட ஜாக்கிரதையா யாரு படிப்பாங்க?"

படித்தேன். மறுபடியும் படித்தேன். நேர்மையான வரைவு. ஒரு ஷரத்திலும் கோளாறு இல்லை. இத்தனை சுத்தமான ஒப்பந்தத்தைப் பார்த்து இதற்கு முன் நான் வருந்தியதில்லை.

நவம்பர் 21, சனி

"போடலாமா கையெழுத்து?"

"சட்டப்படி ஆட்சேபணை ஏதும் இல்லை."

வரைவை வாங்கி மடித்தார். "சட்டத்த விடுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

வடக்குப் பார்த்த அறை, குளிர்காலத்தில் ஈரம் ஏறும் என்றேன்.

ஈரமாம்! இதற்குத்தான் சட்டம் படித்தேனா?

நவம்பர் 27, வெள்ளி

தங்கை கிரியாக்கியிடம் தொலைபேசியில் பேசினேன். மெல்போவின் பெயரை நான் எத்தனை முறை சொன்னேன் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

"அண்ணே, சொல்ல வேண்டியத சொல்லித் தொலையேன்."

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்பது தொழிலின் அடிப்படை என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 2, புதன்

தட்டு இப்போது என்னிடம். வெள்ளிக்கிழமை புனித வர்வாரா திருநாள். அன்று வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொள்ளும், வர்வாரா என்றே பெயர் பெற்ற கோதுமைக் கூழை நானே செய்து அனுப்புவது என்று முடிவு செய்தேன். வாயால் சொல்ல வராததைத் தட்டு சொல்லட்டும். முறையை அவரிடமே கேட்டேன்: கோதுமை, உலர்ந்த அத்தி, திராட்சை, பட்டை, வால்நட்.

"தண்ணீர் எவ்வளவு?"

"கோதுமை கேக்குற அளவு."

"கோதுமை எப்படிக் கேட்கும்?"

"கேக்கும். நீங்கதான் காது குடுக்கணும். பக்கத்துலயே நிக்கணும், வேக வேகக் குடிச்சுக்கிட்டே இருக்கும், நீங்க ஊத்திக்கிட்டே இருக்கணும். அடுப்ப அணைச்ச பெறகும் குடிக்கும், அது பெரிய குடிகாரப் பய."

வரையறுக்கப்படாத அளவு எந்த ஆவணத்திலும் செல்லாது. நானே ஓர் அளவை நிர்ணயித்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 3, வியாழன்

ஒரு பங்கு கோதுமைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று வரையறுத்தேன். பதம் சரியாகவே வந்தது. கரண்டியிலிருந்து மெதுவாக வழிந்தது. மூடி, பால்கனியில் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 4, வெள்ளி

காலையில் மூடியைத் திறந்தால் கூழைக் காணவில்லை. செங்கல்தான் இருந்தது. கோதுமை விடிய விடியக் குடித்திருக்கிறது. கரைக்கப் பார்த்தேன், கட்டிகட்டியாக உடைந்தது. நீதிமன்றத்துக்கு வேறு நேரமாகிவிட்டது.

ஒரு வழி தோன்றியது. உடைந்ததை வட்டக் கிண்ணத்தில் அழுத்தி, தட்டில் கவிழ்த்தேன். மேலே பொடித்த சர்க்கரையைத் தூவி, மெழுகுத்தாளால் சமன் செய்தேன். ஓரத்தைச் சுற்றித் தோலுரித்த பாதாம், இடையிடையே மாதுளை முத்து. நடுவில், பாதாமைக் கொண்டே, அவர் பெயரின் முதலெழுத்து. வீட்டு அலங்காரம் பற்றி அவர் என்னிடம் சொன்ன அத்தனைக்கும் இது பதிலாக அமையும் என்று எண்ணினேன். உண்மையிலேயே அழகாக இருந்தது.

மேலே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். துணியை விலக்கிப் பார்த்தார். முகம் மாறியது. கண் கலங்கியது. தலையை அசைத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டார்.

ஏன்? எழுத்து அதிகப்படியா? ஆம், அதிகப்படிதான். எல்லை மீறிவிட்டேன்.

டிசம்பர் 5, சனி

காலையில் ஜன்னலோரம் இருந்தேன். மெல்போ கருப்புக் கோட்டு அணிந்து, என் தட்டைத் துணியால் மூடி, இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

எங்கே? யாரிடமாவது கொடுத்துவிடவா? வீட்டில் வைத்திருக்கக்கூட மனமில்லையா?

டிசம்பர் 6, ஞாயிறு

மதியம் கிரியாக்கி வந்தாள். நடந்ததை வரிசைப்படி சொன்னேன். கெட்டியானது வரை பொறுமையாகக் கேட்டாள். சர்க்கரை என்றதும் நிமிர்ந்தாள். பாதாம் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நடுவுல பேரு எழுதுனியா?"

"முதலெழுத்து மட்டும்."

அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார வேண்டியிருந்தது. "அண்ணே, அண்ணே, கெட்டிக் கோதுமை, மேல வெள்ளச் சக்கரை, பாதாம்ல பேரு. செத்தவங்களுக்குக் கோயில்ல வைக்கிறது அதுதானே? நெனவுக் கோதுமை. உயிரோட மாடி ஏறி எறங்கற பொம்பளைக்கு நீயே கருமாதி பண்ணிக் குடுத்திருக்கியே!"

ஐயோ. எத்தனை கட்சிக்காரர் வீட்டுத் துக்கத்தில் நின்று, அதை ஒரு கை வாங்கிச் சாப்பிட்டிருப்பேன். கண்ணு எங்க போச்சு எனக்கு? அளவு, அளவுன்னு அளவப் புடிச்சுக்கிட்டு நின்னேனே.

கிரியாக்கி போகும்போது வாசலில் திரும்பி, "எம் மேல கோவம்னா முன்னாடியே சொல்லிடு, எனக்கும் ஒரு தட்டு அனுப்பிடாத" என்றாள்.

மாலை. இதையும் எழுதியாக வேண்டும்.

மணி அடித்தது. மெல்போ. கையில் என் தட்டு, அதில் சீமை மாதுளம்பழ இனிப்பு. உள்ளே வரவில்லை.

"நேத்து கோயில்ல வச்சேன். சாமியார் மில்டோஸ் பேரச் சொல்லி வாசிச்சாரு. அவரு போன நாளு நாளன்னிக்கு. எம் மகனுக்கே ஞாபகமில்ல. எப்பவோ படிக்கட்டுல ஒரு வார்த்த சொன்னேன், அத நீங்க மனசுல வச்சிருந்து, அவரு பேரு எழுத்தயும் போட்டு..." தட்டை என் பக்கம் நீட்டினார். "இந்த மாதிரி மனுஷங்க இருக்கிற வீட்ட விட்டுட்டு எதுக்குப் போறதுன்னு இப்ப யோசனையா இருக்கு."

மில்டோஸ். மெல்போ. எங்கள் கிரேக்க எழுத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே.

நான் நின்றேன். தட்டை வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 7, திங்கள்

விரும்பிய தீர்ப்பு கையில் கிடைத்துவிட்டது. அது தவறான சான்றின் மேல் கிடைத்திருக்கிறது.

சொல்லாவிட்டால் அவர் இருப்பார். ஆனால் யாருக்காக இருப்பார்? நான் அல்லாத ஒருவனுக்காக. இறந்தவரின் நாளை நினைவில் வைத்திருந்த மென்மையான மனிதனுக்காக. எனக்கோ அந்த நாள் தெரியவே தெரியாது. சொன்னால், அவர் கணவருக்காகக் கோயிலுக்கு ஏந்திச் சென்ற தட்டைக் கேலிப்பொருள் ஆக்கிவிடுவேன். அடுத்த வாரமே தெசலோனிக்கி.

பிழையின் பேரில் பெற்ற சம்மதம் சம்மதமல்ல. இதை எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கடையில் தனியாக, மடி நிறையப் பச்சைத் துணியோடு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை நான்.

"அம்மா, அது நினைவுக் கோதுமை அல்ல. வர்வாரா."

"எது வர்வாரா?"

"நான் கொடுத்தது. கூழாகத்தான் செய்தேன். கெட்டியாகிவிட்டது. அதை அலங்கரித்தேன். உங்கள் கணவரின் நாள் எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், தெரியாது. கோயிலில் நடந்ததற்கு நான் பொறுப்பு."

ஊசி நின்றது. அவர் தரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எண்ணி நான் கைக்குட்டையை எடுத்தேன். சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு, பிறகு தெருவுக்கே கேட்கும் சிரிப்பு.

"எத்தன தண்ணி ஊத்துனீங்க?"

"நான்கு பங்கு."

"நாலா! அத்தோட நிறுத்திட்டீங்களா? நாலு பேருக்குக் குடுத்தேன், வக்கீல் சார், ஒவ்வொருத்தரும் 'ஆஹா, அத்திப்பழமெல்லாம் போட்டிருக்கு, புதுமாதிரியா இருக்கு'ன்னு சொல்லிச் சொல்லித் தின்னாங்க. சாமியார் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மில்டோஸ் இத மட்டும் கேட்டிருந்தாருன்னா ஒரு வாரம் சிரிச்சிருப்பாரு. விடுங்க. ஜெபம் ஜெபந்தான். அவருக்குப் போக வேண்டியது போய்ச் சேந்தாச்சு."

துணியை எடுத்தார். மறுபடியும் கீழே வைத்தார்.

"இருங்க. அப்ப அந்த எழுத்து?"

"உங்களுடையது."

"எம் பேர எதுக்கு எழுதுனீங்க?"

இதற்கென்று ஒரு முழு வாக்குமூலம் தயாரித்து வைத்திருந்தேன். மூன்று பத்தி. அதை ஒதுக்கிவைத்தேன்.

"தெசலோனிக்கிக்கு நீங்க போக வேணாம்" என்றேன். "எனக்காக."

மெல்போ என்னைப் பார்த்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தார்.

"இத வாயால சொல்ல இத்தன நாளா? போங்க, கோர்ட்டுக்கு நேரமாகல? நான் யோசிக்கணும்."

டிசம்பர் 10, வியாழன்

படிக்கட்டில் பார்த்தோம். வணக்கம் சொன்னார். அவ்வளவே. புன்னகைத்தார் என்று கருத இடமிருக்கிறது.

டிசம்பர் 13, ஞாயிறு

மெல்போ வந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசிகள். ஸ்டூலில் ஏறி என் வரவேற்பறை ஜன்னலை அளந்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும்படி எனக்கு உத்தரவு. குண்டூசிகளுக்கு இடையிலிருந்து பேச்சு வந்தது:

"மகன்கிட்ட பேசிட்டேன். அந்த வீட்ட வேற யாருக்காவது குடுத்துடச் சொன்னேன். ஏம்மான்னு கேட்டான். இங்க ஒரு வீடு கேவலமா கெடக்கு, அதச் சரி பண்ண வருஷக்கணக்கா ஆகும்னேன்."

அவர் முகத்தைப் பார்க்க நான் எட்டியதில் ஸ்டூல் ஆடியது.

"ஆட்டாதீங்க. பிளாஸ்டிக் உறைய இன்னிக்கே கழட்டணும். அதுல பேரம் கெடையாது."

பேரம் பேசவில்லை.

டிசம்பர் 19, சனி

சமையலறை மஞ்சளாகிவிட்டது. வெள்ளைக்கான என் வாதம் கூரைக்கு மட்டும் ஏற்கப்பட்டது. பதிலுக்கு, அடுப்படி அலமாரி என் அதிகார வரம்பு என்பதில் அவருக்கும் உடன்பாடு: அன்றாடம் எடுப்பது கண்மட்டத்தில், கனமான பாத்திரம் கீழே, மசாலா அடுப்பின் சூடு படாத இடத்தில். "இது மட்டும் உங்களுக்கு நல்லா வருது" என்றார். இந்த வருடம் பெற்ற ஆகச் சிறந்த பாராட்டு.

டிசம்பர் 26, சனி

நேற்று இரு குடும்பமும் ஒரே மேசையில். கிரியாக்கி ஒவ்வொரு தட்டையும் திறக்கும் முன், "இதுல யாரு பேரு போட்டிருக்கு?" என்று கேட்டாள். மெல்போவின் மகன் என்னைத் தனியே அழைத்துப்போய், மிகுந்த மரியாதையோடு, அம்மாவிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை என்று எச்சரித்தான். தெரியும் என்றேன்.

ஜனவரி 10, ஞாயிறு

மேல்மாடியிலிருந்து மெல்போவின் தையல் இயந்திரத்தை என் வீட்டுக்கு இறக்கிவிட்டோம். அதற்கு ஜன்னலோர வெளிச்சம் வேண்டும் என்று அவரும், அங்கே என் எழுதுமேசை இருக்கிறது என்று நானும் வாதிட்டதில், இரண்டும் இப்போது ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கின்றன. வெளியே மழை, துறைமுகத்தில் ஒரே ஒரு படகின் விளக்கு. அடுப்பில் முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டிய உருளைகள். பாத்திரத்தை இறக்கிய பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும் என்பது அவர் கட்சி, நான் மறுக்கிறேன். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இயந்திரச் சத்தம் நின்றது. எதிரிலிருந்து என்னைப் பார்த்து, "என்ன எழுதுற?" என்றார்.

எழுதுறீங்க என்று கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றேன். சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டது.