வெள்ளைத் தொப்பிக்காரனின் குரல்

லிவர்மோர்,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள நவநீத்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டாகப் போகிறது. மகிழனைத் தூங்க வைத்து, பாத்திரங்களை டிஷ்வாஷரில் அடுக்கி, நாளைய மீட்டிங்குக்கான ஸ்லைடுகளை முடித்துவிட்டு உட்கார இப்போதுதான் முடிந்தது. பொள்ளாச்சியில் நீ மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாய்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் எடுத்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அத்தையும் மாமாவும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்கள் எதிரில் உன்னை ‘நீங்க, வாங்க’ என்று பேச ஆரம்பித்தாலே பாதி விஷயம் தொண்டையில் நின்றுவிடுகிறது. காலேஜில் நோட்ஸ் கடன் கேட்ட நாளிலிருந்து எனக்கு நீ ‘நீ’தான். அதனால் எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

பாஸ்போர்ட் பற்றி ஏதாவது தகவல் வந்ததா? விசா ஸ்டாம்பிங்குக்கென்று மூன்று வாரம் சொல்லிவிட்டுப் போனவன், நாலு மாதம் ஆகிவிட்டது. இங்கே வண்டிக்கு ஆயில் மாற்றிவிட்டேன். மாடிப்படிக்கு மேலே இருக்கிற ஸ்மோக் அலாரத்துக்கும் ஏணி போட்டு ஏறி புது பேட்டரி போட்டாயிற்று. நீ கிளம்புவதற்கு முன்னால் அது மூன்று நாள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்று நீ சொன்னாய். ஏணியில் ஏறச் சோம்பல்பட்டுச் சொல்கிறாய் என்று நான் சண்டை போட்டேன். அந்த விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ கிளம்பும்போது இரண்டு கட்டளை போட்டுவிட்டுப் போனாய். மகிழனிடம் இங்கிலீஷ் மட்டும் பேசணும், இன்னும் பேச்சு வராத பிள்ளை, இரண்டு பாஷை சேர்ந்தால் குழம்புவான். டிவி, டேப்லெட் எதுவும் கூடாது. முதல் கட்டளையை அப்படியே காப்பாற்றினேன். இரண்டாவதை நீ போன மூன்றாவது வாரமே மீறிவிட்டேன். டேகேர் மூன்று மணிக்கு முடிகிறது. எனக்கு ஐந்து வரைக்கும் ஆபீஸ் கால் இருக்கிறது. மூன்றே முக்கால் வயசுக் குழந்தையை இரண்டு மணி நேரம் எதை வைத்துக் கட்டிப்போடுவது?

ஃப்ரீமான்ட் அஞ்சனாவிடம் புலம்பினேன். டிவி போடுவது தப்பில்லைப்பா, வேகமா ஓடுற கார்ட்டூன்தான் தப்பு, பழைய படமா, மெதுவா போறதா பார்த்துப் போடு என்றாள். அந்தச் சனிக்கிழமை லைப்ரரியில் பழைய புத்தக விற்பனை. அங்கே ஒரு அட்டைப் பெட்டியில் டிவிடிகள் கிடந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளை கௌபாய் படங்கள், பாட்டுப் பாடுகிற கௌபாய். பன்னிரண்டு படம். கராஜில் கிடந்த ப்ளேயரைத் தூசி தட்டி மாட்டினேன்.

அந்தப் படங்களை நீ பார்த்தால் சிரிப்பாய். நம் ஊர்ப் படத்தில் நினைத்த இடத்தில் பாட்டு வருகிறது என்று உன் மேனேஜர் ஒருதரம் கேலி செய்தாரே, அவருக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும். வில்லனுக்கு மெல்லிய மீசை, கறுப்புத் தொப்பி. ஹீரோவுக்கு வெள்ளைத் தொப்பி. அவன் எத்தனை பேரோடு சண்டை போட்டாலும் அந்தத் தொப்பி விழாது. குண்டு தீராது, ரத்தம் வராது. ஒரு பெண்ணின் அப்பாவுடைய பண்ணையை வில்லன் பிடுங்கப் பார்ப்பான். ஊரே கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது நம் ஆள் குதிரையை நிறுத்திவிட்டு, கிடாரை எடுத்து ஒரு பாட்டைப் பாடிவிட்டுத்தான் துரத்தவே கிளம்புவான். படம் முழுக்க நம் ஆல்டமான்ட் மலை மாதிரியே புல் மூடிய குன்றுகள். கோயிலுக்குப் போகிற வழியில் அந்தக் குன்றுகளைப் பார்த்தாலே மகிழன் கார் சீட்டில் குதிரை ஓட்ட ஆரம்பித்துவிடுகிறான்.

ஆனால் அவன் பார்க்கிற விதம் விசித்திரமாக இருந்தது. சண்டை வந்தால் எழுந்து விளையாடப் போய்விடுவான். அந்தப் பெண் பேசினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஹீரோ வாயைத் திறந்து பாடினால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவான். ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். அப்புறம் அந்த மெட்டை ஒரு இடம் பிசகாமல் முனகுவான். வார்த்தை இல்லை, வெறும் ஓ, ஊ, ஆ. ஒரு வார்த்தை பேசாத பிள்ளை ஒரு முழுப் பாட்டைப் பாடுகிறான். எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. இன்டர்நெட்டில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வெள்ளைத் தொப்பிக்காரன் மேல் பொறாமைதான் வந்தது. பெற்றவள் பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்பாதவன், எவனோ பாடினால் ஓடுகிறானே என்று. போன மாதம் ஒரு நாள் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அந்த ஆள் மாதிரியே குரலைக் கட்டையாக்கி, ராகம் போட்டு, வா சாமி, சாப்புட வா சாமி என்று பாடினேன். வெறும் கிண்டலுக்குத்தான். இங்கிலீஷ் மட்டும் என்கிற கட்டளையும் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

அவன் திரும்பினான், நவநீத். நேராக என்னிடம் வந்தான். என் வாயைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரில் வைப்பதுபோலவே என் தொண்டையில் கையை வைத்தான்.

அன்றைக்கு ராத்திரி முழுவதும் யோசித்தேன். மறுநாள் அவன் பின்னால் நின்று ஸ்பூனால் டம்ளரைத் தட்டினேன். திரும்பவில்லை. குக்கர் வைத்தேன். விசில் வந்தபோது, அடுப்புக்கு நாலடி தள்ளி அடுக்கிக்கொண்டிருந்த பிளாக்குகளை அவன் அப்படியே அடுக்கிக்கொண்டிருந்தான். கட்டைக்குரலில் கூப்பிட்டேன். திரும்பினான். குழந்தை டாக்டரிடம் போனேன், அவர் காது டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். இன்று காலை அதுதான்.

சத்தம் புகாத ஒரு சின்ன அறை. மகிழன் என் மடியில். ஸ்பீக்கரில் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பிளாக்கை வாளியில் போட வேண்டும். கட்டையான சத்தத்துக்கெல்லாம் டக் டக்கென்று போட்டான். சத்தம் கீச்சென்று மேலே போகப் போக, பிளாக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குக் கேட்கிறது, அவனுக்குக் கேட்கவில்லை. ஒரு இடத்தில் என்னால் தாங்க முடியாமல் அவன் முதுகை விரலால் லேசாகத் தட்டிவிட்டேன். பரீட்சை ஹாலில் பிட்டு கொடுக்கிற மாதிரி. உடனே பிளாக்கைப் போட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து டெஸ்ட் எடுத்த பெண்மணி பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. அம்மா, நீங்க உதவி பண்ணினா நான் அவனுக்கு உதவி பண்ண முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த இடத்தை மறுபடி வைத்தார். இரண்டாம் தரம் அவன் போடவில்லை.

இரண்டு காதிலும் விசில் மாதிரியான கீச்சுச் சத்தங்கள் விழுவதில்லை. கட்டையான சத்தங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் போலவே கேட்கின்றன. என் குரலில் ஓசை மட்டும் அரைகுறையாகப் போகிறது, ச, த, க எல்லாம் வழியிலேயே விழுந்துவிடுகின்றன. பிறந்தபோது ஆஸ்பத்திரி டெஸ்டில் பாஸ் ஆனானே என்று கேட்டேன். சில பேருக்குப் பிறகு குறையும் என்றார். படத்தைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். அந்தக் காலத்துப் படங்களின் ஒலிப்பதிவில் கீச்சுச் சத்தமே அவ்வளவாக இருக்காதாம். அதில் இருப்பதில் முக்கால்வாசி இவனுக்குக் கேட்டிருக்கும், மற்றவர்கள் கேட்கிற அதே பாட்டைத்தான் கிட்டத்தட்ட இவனும் கேட்டிருக்கிறான் என்றார்.

இரண்டு பாஷையால் இது வரவில்லை என்றும் சொன்னார். உங்களுக்கு எது வாயில் தானாக வருகிறதோ அதில் பேசுங்கள் என்றார். நாலு மாதமாக என் பிள்ளையிடம் நான் தமிழே பேசவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நானும்தான் நம்பினேன்.

பதினெட்டாம் தேதி இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டப் போகிறார்கள். காதுக்கு அச்சு எடுத்தாயிற்று. கலர் அட்டையை நீட்டினார்கள். நான் தலைமுடியோடு சேர்ந்துபோகிற கறுப்பைக் காட்டினேன். அவன் வெள்ளையைத் தொட்டான், தலையில் தொப்பி வைக்கிற மாதிரி காட்டினான். வெள்ளையே சொல்லிவிட்டேன்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது கேட்கும் குறை இருக்கிறதா என்று ஒரு கேள்வி. என் பக்கத்துக்கு இல்லை என்று எழுதிவிட்டேன். உன் பக்கத்துக் கட்டத்தை எழுதாமல் வைத்திருக்கிறேன்.

அங்கே மாமா வைக்கிற டிவி சத்தம் எனக்குத் தெரியும். அதை வயசு என்று விடலாம். ஆனால், மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டு நான் மீட்டிங்கில் இருந்த அன்று, குக்கருக்குப் பக்கத்து அறையிலேயே லேப்டாப்போடு இருந்த நீ, பருப்பு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தாய். விசிலே வரவில்லை என்று சத்தியம் செய்தாய். அந்த ஸ்மோக் அலாரமும் உனக்கு நிஜமாகவே கேட்டிருக்காது. ஆபீஸ் கால் எல்லாவற்றுக்கும் பேச்சை எழுத்தாகக் காட்டுகிற கேப்ஷன் போட்டுக்கொள்கிறாய், அவர்கள் ஆக்சென்ட் புரியவில்லை என்கிறாய். நம் ஊர்க்காரர்கள் பேசினாலும் போடுகிறாய். அத்தை வேறு பெருமையாகச் சொல்வார்களே, எங்க நவநீத்தும் நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல கண்ணு, அப்புறம் பேசலையா, படிச்சு ராங்க் வாங்கலையா? என்று.

நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் நீ திரும்ப மாட்டாய். கல்யாணமான ஐந்து வருஷமாக அதற்கு உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். காது கொடுத்துக் கேட்டால் என்ன என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். உனக்கே தெரியுமா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கவும் இல்லை.

பாஸ்போர்ட் வருகிற வரைக்கும் சும்மாதானே இருக்கிறாய். கோயம்புத்தூருக்கு ஒரு நடை போய் டெஸ்ட் செய்துகொள். அத்தையிடம் சொல்ல வேண்டும் என்றில்லை. பிறகு வேண்டுமானால் நானே சொல்லிக்கொள்கிறேன். நீயும் ஒன்று மாட்டிக்கொண்டு வந்து நின்றால், மகிழன் தன்னுடையதைப் பிய்த்து எறியமாட்டான் என்று தோன்றுகிறது. இனிமேல் உங்கள் இரண்டு பேரையும் கட்டைக்குரலில் பாடியே சாப்பிடக் கூப்பிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் சுற்றாதே. படிவத்தை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. போன் வேண்டாம், எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன்,
பவதாரணி