தோளில் பொத்தான் வைத்த கவுன்

காத்தான்குடி
வியாழக்கிழமை

என்ட ராத்தா றபீக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கையெழுத்தைக் கண்டதும் கிழிச்சுப் போட்டுடாதீங்க. போனில என்ட நம்பரை அடைச்சுட்டீங்க, அதால லீவு முடிஞ்சு கத்தாருக்குத் திரும்பி வாற ஹஸீனாட கையில இதைக் குடுத்து விடுறன். எனக்காக வாசிக்க வேணாம். உம்மாட விஷயம் இருக்கு.

உம்மாவுக்குப் போன மாசம் பாரிசவாதம் வந்திட்டு. உயிருக்குப் பயமில்லையெண்டு டாக்டர் சொன்னார், அல்ஹம்துலில்லாஹ். ஆனா வலது கையைத் தூக்கேலாது. ஒரு சட்டையைத் தலைவழியாப் போட்டு விடுறதுக்குள்ள நோவில கத்துறா. முந்தநாள் வேற வழியில்லாம கவுனைக் கழுத்திலிருந்து கை வரைக்கும் கத்தரிக்கோலால வெட்டித்தான் கழட்டினன். வெட்டி முடிஞ்ச பிறகு உம்மா, றபீக்கா இருந்தா இப்படி வெட்டுவாளா எண்டு கேட்டா.

புளியந்தீவு தனுஷியா டீச்சரை நினைவிருக்கா? நெஞ்சில ஒபரேசன் செஞ்சு கை தூக்கேலாம இருந்தவ. பறங்கிக்காரர் வீட்டுச் சுவரில தொங்கின அவங்கட முன்னோர்ர பழைய படத்தில, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பொத்தான் வைச்ச கவுன் ஒண்டைப் பார்த்துட்டு வந்து அவவுக்குத் தைச்சுக் குடுத்தீங்க. படத்தை எல்லாரும்தான் பார்த்தாங்க. பொத்தான் ஏன் அந்த இடத்தில கிடக்கு எண்டு கேட்டது நீங்க மட்டும்தான். டீச்சர் ஒருத்தர்ர உதவியும் இல்லாம அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டு அழுதா. நான் என்ன செஞ்சன்? செத்தவங்கட உடுப்பைப் பார்த்துத் தைக்கிறீங்களே எண்டு நக்கலடிச்சன்.

இப்ப எனக்கு ஆறு மாசம். என்ட கலியாணத்துக்கு நீங்க தைச்ச ஹபாயா மட்டும்தான் உடம்புக்குச் சேருது. பக்க மடிப்பை மாசத்துக்கு ஒண்டாப் பிரிச்சு விடுறன். தொழ முந்தி வுழூ எடுத்துக் கை கழுவ மணிக்கட்டில பொத்தான், போன் வைக்கப் பை. என்ட வயித்தை எனக்கு முந்தியே நீங்க நினைச்சிருக்கீங்க. அதுவும் எப்ப? நான் பேசின அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு மூணு நாள் குந்தியிருந்து தைச்சு முடிச்சுட்டுத்தானே போனீங்க.

வாப்பா கட்டின வீடு மூத்தவளுக்கு எண்டு ஊருக்கே தெரியும். என்ட மாப்பிள்ளை வீட்டார் சீதனமா முழு வீட்டையும் கேட்டாங்க, உங்கட தையல் மிஷின் இருந்த முன் அறையையும் சேர்த்து. வாப்பா தயங்கினார். நான்தான் சொன்னன், முப்பத்தெட்டு வயசாகிட்டு, ராத்தாவுக்கு இனி மாப்பிள்ளை வராது, அவவுக்கு வீடு எதுக்கு எண்டு. நீங்க திரைக்குப் பின்னால தேத்தண்ணியோட நிண்டதை நான் கண்டன், ராத்தா. கண்டும் வாயை மூடல்ல. நீங்க வீட்டை என்ட பேருக்கு மாத்தி எழுதின உறுதியில கையொப்பம் வைச்சீங்க.

இப்ப அரபி வீட்டில நிலம் துடைக்கிறீங்களாம். ஊசியைத் தொடுறதே இல்லையாம். ஹஸீனா சொல்லக்குள்ள என்ட ஈரல் வெந்து போச்சு.

கரடியனாற்றிலிருந்து இராசாத்தி அக்கா ரெண்டு பஸ் மாறி வந்தா. வயல் வட்டைக்குள்ள சேத்தில இறங்கக்குள்ள கொக்கி போட்டுத் தூக்குற அந்தப் பாவாடை இன்னொண்டு வேணுமாம். நீங்க இல்லையெண்டதும், இனி எங்களை நினைச்சு ஆரு புள்ள துணி வெட்டுவாங்க எண்டு கேட்டா. நான் ஒண்டு தைச்சுப் பார்த்தன். துணிதான் பாழ்.

நேற்று நொத்தாரிசிட்டப் போய் வீட்டைத் திருப்பி உங்கட பேருக்கு எழுதிட்டன். எங்கட வீட்டுக்காரர் றமீஸும் சம்மதம். நீங்க வந்து இறங்குற நாள் வரைக்கும் உம்மாவைப் பார்த்துக்கொள்ளுவன். அண்டைக்கே மாமிர வீட்டுக்குப் போயிடுவன். மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கிற நம்மட ஊரில, பொண்ணு மாப்பிள்ளை வீட்டில போய்க் குடியிருந்தா என்ன பேசுவாங்க எண்டு உங்களுக்குத் தெரியும். பேசட்டும். நான் பேசினதை விடவா பேசப் போறாங்க?

என்ட முகத்தில நீங்க முழிக்க வேணாம். உம்மாவுக்காக வாங்க. உங்கட ரெண்டு கைக்கும் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும், அந்தக் கைக்கு ஒரு நோவும் வராமக் காப்பாத்தட்டும்.

எனக்கு துஆச் செய்யுங்க எண்டு கேக்க எனக்கு வாயில்ல, ராத்தா. வயித்தில கிடக்கிற இது ஒரு குத்தமும் செய்யல்ல. இதுக்காவது செய்யுங்க.

பஹீமா