பட்டா இல்லாத காற்று

அனுப்புநர்:
மு. தேவராஜ் (வயது 70),
பழைய கிணற்றுச் சந்து,
கொரட்டூர், சென்னை.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்,
அம்பத்தூர், சென்னை.

பொருள்: எங்கள் சந்தினை ஒட்டிய அலுவலகக் கட்டடத்தின் ஏசி இயந்திரங்கள் வெளியே தள்ளும் வெப்பத்தைக் கோடைக்கு முன் வேறு வழியில் திருப்பிவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் என் கையால் எழுதும் முதல் மனு. இதற்கு முன் யாராவது எழுதித் தருவார்கள், நான் கைநாட்டு வைப்பேன். இப்போது எனக்கே எழுத வருகிறது. அந்தச் சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதி எல்லாம் பயம்தான்.

1. எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து எங்களுடையது. ஒரு பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட எங்கள் வீடுகள். மறுபக்கம் நான்கு மாடி அலுவலகக் கட்டடத்தின் பின்சுவர். அந்தச் சுவர் முழுக்க ஏசியின் வெளிப்பெட்டிகள் எங்களைப் பார்த்தபடி மாட்டப்பட்டுள்ளன. அவை ஊதும் சூடு எங்கள் சன்னலுக்குள் வருகிறது. சன்னலைச் சாத்தினால் கூரைச் சூடு. ஞாயிற்றுக்கிழமை கட்டடம் மூடியிருக்கும். அன்று வெயில் அதே வெயில்தான், ஆனால் மூச்சு விட முடிகிறது.

2. அந்தக் கட்டடத்தார் தரைத்தளத்தில் ஓர் அறையை முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு இலவசமாகத் தந்துள்ளார்கள். நான் படித்தது அங்கேதான். அதற்கு என்றும் நன்றியுடையேன். கடந்த சித்திரையில் ஒரு மதியம் அங்கே ‘ழ’ எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். குளிர் தாங்காமல் துண்டைக் காதோடு சுற்றியிருந்தேன். பக்கத்து வீட்டுக் கமலம் ஓடி வந்து கூப்பிட்டார்.

என் மனைவி வேம்புலியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. பேச்சு குழறியது. நெற்றியில் கை வைத்தேன். ஏசியில் இருந்து வந்த கை, ஐஸ் போல இருந்தது. எடுக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள். என் கைக்கு அந்தக் குளிரைத் தந்ததும் அவள் உடம்புக்கு அந்தச் சூட்டைத் தந்ததும் ஒரே இயந்திரம் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது.

பிழைத்துக்கொண்டாள். இன்னொரு முறை வந்தால் இதயம் தாங்காது, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். குளிர்ச்சியான இடம் எங்கள் சன்னலுக்கு எதிரேதான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம்.

3. கட்டட மேலாளர் திரு. ஆனந்தனிடம் முறையிட்டேன். “எங்க செவுத்துலதான மாட்டிகீறோம், பெருசு. காத்துக்கு நீ பட்டா வச்சிகீறியா?” என்றார். திரும்பி வந்துவிட்டேன். பல நாள் யோசித்தேன். சுவர் அவர்களுடையது, சரி. குளிரைச் சுவருக்குள் வைத்துக்கொண்டார்கள். சூட்டை மட்டும் யாருக்கும் பட்டா இல்லாத இடத்தில் விடுகிறார்கள். அந்த இடத்தில்தான் ஐயா நாங்கள் மூச்சு விடுகிறோம்.

4. உலகமே சூடாகிக்கொண்டு வருகிறது என்று செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெயில் எல்லோருக்கும் பொது என்றுதான் எண்ணியிருந்தேன். எங்கள் சந்தில் அப்படி இல்லை. வெயிலிலிருந்து தப்பித்தவர்கள் வெளியே தள்ளிய சூடும் எங்கள் பங்கில் சேர்கிறது. வெயில் ஏற ஏற அவர்கள் இன்னும் அதிகம் ஓட்டுவார்கள், எங்களுக்கு இன்னும் ஏறும். இது எங்கே போய் நிற்கும், ஐயா?

5. போன வாரம் எங்கள் சன்னலுக்கு நேர் எதிரே சுவரில் துளை போட்டு, புதுப் பெட்டிகளுக்கு இரும்புத் தாங்கி அடித்துள்ளார்கள். மனு எழுத உட்கார்ந்தது அதனால்தான். வேம்புலியம்மாள் மட்டும் கேலியை விடவில்லை: “நீ அங்க ஜில்லுனு குந்திகினு எழுது. நான் இங்க வெந்துகினு கீறேன், வந்து பதம் பாரு.” சிரிக்கத்தான் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6. வகுப்பு ஆசிரியை குல்ஷன் நல்லவர். அம்மாவை இங்கே வந்து உட்காரச் சொல்லுங்கள் என்றார். ஒரு நாள் வந்தாள். கமலத்தின் படுத்த படுக்கையான மாமியாரையும் கூட்டி வரலாமா என்று கேட்டாள். ஆசிரியை என்ன சொல்வார் பாவம். அவரை வெயிலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் குளிரில் உட்கார மனமில்லாமல், மறுநாள் முதல் வேம்புலியம்மாள் வரவில்லை.

ஆகவே ஐயா, ஏசியை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தச் சுகம் எனக்கும் தெரியும். பெட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றி, சூடு மேலே போகும்படி செய்ய உத்தரவிடுங்கள். தாங்கள் வந்து பார்க்கும்வரை புதுப் பெட்டிகளை மாட்டவிடாதீர்கள். இனி யார் எதை எங்கள் பக்கம் திருப்புவதானாலும் எங்களையும் ஒரு வார்த்தை கேட்கச் செய்யுங்கள். பார்வையிட ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு வந்து எங்கள் சன்னலருகே சற்று நேரம் நின்றால் போதும்.

பதிலை எழுத்திலேயே அனுப்பும்படி பணிந்து வேண்டுகிறேன். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன். வேம்புலியம்மாளுக்கு நானே படித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. அவள் கேட்க இருக்கும்போதே அது வந்து சேர வேண்டும்.

இடம்: கொரட்டூர்
நாள்: 16.02.2026

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மு. தேவராஜ்
(என் கையெழுத்து)