இரண்டு புடவையோடு வடிவாம்பாள் திருடனைப் பிடித்தது

ஐப்பசி 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடையில் உப்பு மூட்டை ஓரமெல்லாம் ஈரம். என் வீட்டுக்காரர் மூட்டையை நகர்த்தாமல் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். நான்தான் நகர்த்தினேன்.

புதுச்சேரியிலிருந்து பத்திராதிபர் (இனி ப.அ.) ஆள் மூலம் சொல்லியனுப்பியது: "உங்கள் தொடர்கதை நத்தையாய் ஊர்கிறது. வடிவாம்பாள் வாராவாரம் பேரம்தான் பேசுகிறாள். இந்த அத்தியாயம் ஓடாவிட்டால் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்."

நிறுத்துவாராம்! என் பேர் அச்சில் வருகிற முதல் கதை. விடுவேனா? வெள்ளிக்கிழமை அவர் சரக்கெடுக்கப் போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.

வடிவாம்பாளை யாரைப் பார்த்து எழுதுகிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. நாத்தனார் குப்பம்மாளுக்கு (நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர்) உயிர் போனாலும் சொல்லமாட்டேன். ஏனென்றால் வடிவாம்பாளே அண்ணிதான்.

ஐப்பசி 5, செவ்வாய்

மழை விட்டது. வாங்க வேண்டியவை: மை, விளக்குத் திரி, அண்ணிக்கு வெற்றிலை.

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்! வண்டிப்பேட்டையில் ஒரு திருடன் வடிவாம்பாளின் சங்கிலியை அறுத்துக்கொண்டு எல்லைப் பக்கம் ஓட்டம். எல்லைக்கோட்டைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை. நம் சோல்தா, பிரெஞ்சுக்காரன் சிப்பாய், நின்று பார்க்க வேண்டியதுதான். வடிவாம்பாள் வெல்லக் கூடையை வீசிவிட்டு, பின்னாலேயே பாய்ந்து, வாய்க்காலைத் தாண்டி, பிடரியில் ஒரு பிடி. சபாஷ்.

மத்தியானம் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் ஒரு வாரம் தவறவிடமாட்டார்.

"இன்னாடி இது? யாருடி இவ?"

"வடிவாம்பாள்தான் அண்ணி."

"போடி. புளியங்கொட்டைய எண்ணி வைக்கிறவ வெல்லக் கூடைய வீசுவாளா? போன வாரம் இன்னா படிச்ச? சம்பந்தி வூட்டுக்குப் போறா, புதுப் பட்ட உள்ள கட்டிக்கினு பழசை மேல சுத்திக்கினு கெளம்பினான்னு. ரெண்டு பொடவையோட வாய்க்கால் தாண்டினா, வாய்க்கால்லதான் கெடப்பா."

ஐயோ! எல்லைச் சாவடியில் புதுத் துணிக்கு வரி கேட்பானென்று இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் போகிறோம். நானே போயிருக்கிறேன், மாட்டு நடைதான் நடக்க முடியும். எழுதுகிற வேகத்தில் மறந்தே போனேன்.

அழுகை. கோபம். குழம்பில் இரண்டு தடவை உப்பு. அவர் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

ஐப்பசி 6, புதன்

நல்ல வெயில். வடிவாம்பாளை வடிவாம்பாளாகவே விட்டு எழுதிப் பார்த்தேன். கூடையை யாரிடமாவது ஒப்படைக்கிறாள், கூலி பேசுகிறாள், புடவையைத் தூக்கிச் செருகுகிறாள். அதற்குள் திருடன் விழுப்புரம் போய்ச் சோறு தின்றிருப்பான். கிழித்தேன்.

ஓடினால் அவள் வடிவாம்பாள் இல்லை. அவள் வடிவாம்பாளென்றால் ஓட்டமில்லை. தலைவலி.

அவர் கடையிலிருந்து: "ஒரு திருடனப் புடிக்க இத்தினி நாளா? நம்ம சோல்தாவே தேவல."

சாயங்காலம் பருப்பு வாங்க வந்த ஒரு அம்மாள். தெருவில் அவள் வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. விட்டாளா? பருப்பை மடியில் கட்டிக்கொண்டே, நடந்துகொண்டே, "இன்னாயா வெல? கொறச்சிக்கோ! கொறச்சிக்கினியா? இந்தா!" காசை வீசிவிட்டு ஏறியும் விட்டாள்.

அவசரத்துக்காக அவள் பேரத்தை விடவில்லை. பேரத்தையே அவசரமாகப் பேசினாள்!

அடி என் ராசாத்தி! இது போதும் எனக்கு.

ஐப்பசி 7, வியாழன்

கை வலிக்கிறது. வலிக்கட்டும்.

வடிவாம்பாள் ஓடவே இல்லை. வாழ்நாளில் வரி கட்டாதவள், சாவடிக்காரன் கண்ணில் படாமல் போகிற கரும்புத் தோட்டத்து வழி அவளுக்குத் தெரியாதா? திருடன் சாலையோடு சுற்றி வருகிறான். இவள் இடுப்பில் கூடையோடு குறுக்கே நடந்து, முன்னாலேயே கோட்டருகில். மேல் புடவையை உருவி அவன் தலையில் ஒரே வீச்சு. விழுந்தான். மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாவடிக்காரன் ஓடிவருகிறான். அவன் கண் திருடன்மேல் இல்லை, பட்டின்மேல். "வரி எடு!"

"உடம்புல கட்டினதுக்கு ஏதுய்யா வரி?"

"புதுசும்மா!"

"நீ கூடத்தான் புதுசு. முந்தி இருந்தவரு கேக்கல. கூடையில ஒரு அச்சு வெல்லம் எடுத்துக்கோ. இவன் கைய மொதல்ல கட்டு!"

எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். பேச்சே குதிரையாய்ப் பறக்கிறது. எழுதும்போது நானே சிரித்தேன்.

அண்ணியிடம் படித்தேன். மென்ற வெற்றிலை வாயிலேயே நின்றது. குறுக்கே ஒரு பேச்சில்லை, "அப்பறம்? அப்பறம்டி?" தவிர.

முடிந்ததும்: "ஒரு அச்சு குடுக்கமாட்டா. அரை அச்சு."

திருத்தினேன்.

ஐப்பசி 8, வெள்ளி

தூறல். கடையை நான்தான் பார்த்தேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் மிளகை ஒருவருக்கு அதிகமாக அளந்துவிட்டேன்.

இருட்டுமுன் அவர் வந்தார். மூட்டையை இறக்குமுன்னே சொன்னார். ப.அ. நின்றபடியே படித்தாராம். அச்சுக்கோக்கிறவரைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னாராம். கதை பொங்கல் தாண்டியும் ஓடுமாம்! ஜெயித்தேன்! ஜெயித்தேன்!

அண்ணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அந்த வடிவாம்பா யாருன்னு எனக்குத் தெரியும்டி."

போச்சு! விளக்குத் திரியைத் தூண்டுகிறவள் போலத் திரும்பிக்கொண்டேன்.

"கூடப்பாக்கத்து என் ஓர்ப்படி, என் கொழுந்தன் பொண்டாட்டிதான? அப்பிடியே அவளே! கஞ்சப் பிசினாறி."

ஆமாம் அண்ணி என்றேன். அண்ணி சந்தோஷத்தில் கடை வெல்லத்தில் ஒரு அச்சை எடுத்து உடைத்து, பாதியை என் வாயில் போட்டார். மீதிப் பாதியை முந்தானையில் முடிந்துகொண்டார்.